மீதிக் கோபம்

நூல் அறுந்துவிட்டது என்றுதான் வாணி முதலில் நினைத்தாள். பல்லில் கடித்திருந்த முனையை விட்டுவிட்டுப் பார்த்தபோது நூல் முழுசாகத்தான் இருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த பெண்ணின் இடது புருவத்தில்தான் வால் பகுதியைக் காணவில்லை. அந்த இடத்தில் தோல் சிவந்து, மெல்ல ஒரு ரத்தப் பொட்டு எழும்பியது. தீபாவளிக்கு முந்தைய வாரம். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவின் பாட்டுச் சத்தம் கண்ணாடிக் கதவையும் மீறி சலூனுக்குள் வந்துகொண்டிருந்தது. சுவரோரம் முறைக்காகக் காத்திருந்த பெண்கள் எல்லாரும் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அந்தப் பெண் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னா லா இது? கல்யாண வீட்டுக்குப் போற முகம் இது!" என்றாள்.

வாணி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பழைய வாணியாக இருந்தால் அந்தப் பெண் வாய் திறப்பதற்கு முன்பே கேட்டிருப்பாள். "ஆடாம உக்காரத் தெரியாது, கத்த மட்டும் தெரியுதா?" என்று ஒரு குரல் வந்தது. தன் தொண்டையிலிருந்துதான் வந்தது என்பது அவளுக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. விரல்களைப் பார்த்தாள். நூல் இல்லாமலேயே அவை நூல் பிடிப்பதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தன. கடை முதலாளி மாதவி கல்லாவிலிருந்து எழுந்து வந்து அந்தப் பெண்ணின் தோளைத் தடவிச் சமாதானம் செய்தாள். பிறகு வாணியைப் பின்அறைக்கு அழைத்துப் போய், கதவைச் சாத்திவிட்டு, "நாளையிலிருந்து வராத வாணி. உனக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. மண்டையிலதான் என்னமோ ஆயிருச்சி" என்றாள்.

அந்தக் கடையில் வாணியைக் கேட்டுத்தான் பலர் வருவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள், வலிக்காமல் புருவம் எடுப்பாள் என்று பெயர். சேர்ந்த புதிதில் மாதவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இந்தத் தொழில்ல நம்ம முகம்தான் லா நமக்கு போர்டு. கறுத்த முகத்தோட நீ ஃபேஷியல் செஞ்சா யாரு நம்புவா?" சொல்லிவிட்டு கல்லாவுக்கு அடியிலிருந்து சின்ன வட்ட டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். லேபிள் எதுவும் கிடையாது. உள்ளே இளமஞ்சளில், முத்துப்போல லேசாக மினுங்கும் கிரீம். எங்கே செய்தது, யார் செய்தது என்று வாணியும் கேட்கவில்லை, கடைக்கு வந்து வாங்கிப்போன யாரும் கேட்கவில்லை. படுக்கும் முன் பூசினால் போதும் என்றாள் மாதவி. பூசினாள்.

சில வாரங்களிலேயே முகம் வெளுத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் காதில் விழுந்துகொண்டிருந்த 'பொண்ணு நல்ல பொண்ணுதான், கலர்தான் கொஞ்சம் கம்மி' என்ற பேச்சு நின்றது. கோயிலில் பார்த்த உறவுக்காரர்கள் ஒருமுறைக்கு இருமுறை திரும்பிப் பார்த்தார்கள். அவள் கணவன் சுகுமாறன், விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்பவன், தன் கைபேசியில் முதன்முறையாக அவள் படத்தை முகப்பில் வைத்தான். அதுவரை அங்கே மகளின் படமும் அதற்கு முன்பு அவனுடைய மோட்டார் சைக்கிளின் படமும்தான் இருந்தன. அன்றைக்கு வாணிக்கு இருந்த சந்தோஷம் சாதாரணமானது இல்லை. இன்னொரு சுற்று அதிகமாகப் பூசிக்கொண்டு படுத்தாள். பக்கத்தில், அவள் தலையணையிலேயே முகம் புதைத்து, கவிஷ்னா தூங்கினாள். பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. அம்மாவின் கன்னத்தில் கை வைத்தால்தான் தூக்கம் வரும்.

சாலாக் செலாத்தானில் இருந்த அடுக்குமாடி வீட்டில் அவர்களோடு சுகுமாறனின் அக்கா ஷாமினியும் இருந்தாள். கணக்குப் பிரிவில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாமல் இருந்தது பலமுறை நடந்து, இப்போது யாரும் வருவதே நின்றுபோயிருந்தது. ஒருநாள் அவள் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி, "வாணி, எனக்கும் அந்த டப்பா ஒண்ணு எடுத்து வர முடியுமா?" என்று கேட்டாள். வாணி மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள்.

முதலில் போனது தூக்கம். பிறகு வாயில் எப்போதும் ஒரு சில்லறைக் காசைப் போட்டு வைத்திருப்பதுபோல ஒரு ருசி. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். அடுப்பில் வைத்ததை மறந்தாள், மகளைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய நேரத்தை மறந்தாள். யாராவது முகத்தை உற்றுப் பார்த்தால் ஓடி ஒளிய வேண்டும்போல் இருந்தது. தன்னை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று வெளுத்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்தது கோபம். வாயிலிருந்து வெளியே வந்து விழுந்த பிறகுதான் அது கோபம் என்று தெரியும். சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினாள். ஷாமினியைப் பார்த்து, "உங்களுக்குச் சமைச்சிப் போடவா என்னைக் கட்டிட்டு வந்தாங்க?" என்றாள். சுகுமாறனிடம், பேசாமல் பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் பேசினாள். அவன் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு பூசாரியிடமும் அழைத்துப் போனான். எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி அறுத்தார்கள். அப்போதும் அவள் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

வேலை போன மறுவாரம் சுகுமாறன் அவளுடைய அண்ணன் விஜயனுக்குப் போன் செய்தான். பக்கத்து அறையிலிருந்து வாணிக்கு எல்லாம் கேட்டது. "கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல வெச்சிப் பாருங்க மச்சான். பிள்ளையே பயப்படுது." கவிஷ்னா அவனோடு இருக்கட்டும், ஷாமினி பார்த்துக்கொள்வாள் என்று முடிவாயிற்று. அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பாள், கத்தினால் அதுவே சாட்சியாகியிருக்கும்.

விஜயன் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். அங்கே போன கொஞ்ச நாளில் வாணியின் கால்கள் வீங்கின. காலையில் கண்ணிமை திறக்க முடியாதபடி முகம் உப்பியது. சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல் நுரைத்தது. அண்ணி பார்த்துப் பயந்துபோய்ச் சொல்ல, விஜயன் அவளைக் கிள்ளானில் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுகிறது என்றார்கள். படுக்கையில் சேர்த்தார்கள்.

இளம் மலாய்ப் பெண் மருத்துவர் ஒருத்தி அவள் கையைப் பிடித்து விரல்களை விரிக்கச் சொன்னாள். ஆடும் விரல்களைப் பார்த்தாள். பிறகு முகத்தையும், கழுத்துக்குக் கீழே வேறு நிறமாக இருந்த தோளையும் மாறிமாறிப் பார்த்தாள். "புவான், முகத்துக்கு ஏதாவது கிரீம் போடுறீங்களா?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டாள். வாணி இல்லை என்று சொன்னாள். கட்டில் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். தன் நிறம் தன்னுடையது இல்லை என்று அவன் முன்னால் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. மருத்துவர் விஜயனை வெளியே அனுப்பிவிட்டு இன்னொரு முறை கேட்டாள். வாணி கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். மருத்துவமனைக்கு வந்த அன்றும் அவள் அதைப் பூசியிருந்தாள்.

சோதனை முடிவு வர நாள் பிடித்தது. கிரீமில் பாதரசம். சிறுநீரிலும் பாதரசம், இருக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு. மருத்துவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். தோல் வழியாக உள்ளே போகும், சிறுநீரகத்தில் தங்கும், நரம்பைத் தாக்கும். கை நடுக்கம் அதனால்தான். தூக்கம் போனது, மறதி, வாயில் அந்த ருசி, எல்லாம் அதனால்தான்.

"கோபமுமா டாக்டர்?"

"ஆமா. அதுவும்தான்."

வாணி அழுதாள். தன் மண்டையில் ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் வாயால் கேட்டதற்கான அழுகை அது. மருத்துவர் அவள் அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, "வீட்டுல வேற யாரு இருக்கா? சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா? உங்க தலகாணி, துண்டு, இதெல்லாம் யாராச்சும் சேர்ந்து பாவிச்சாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு வாணி அழவில்லை.

போனில் சுகுமாறன் சொன்னான். "கவிஷ்னாவுக்கு ஒண்ணும் இல்ல. கையிலயும் கால்லயும் தோல் உரியுது. கால்ல சப்பாத்து போட்டா அழுவுறா. சோப்பு ஒத்துக்கலன்னு கிளினிக்ல கிரீம் குடுத்திருக்காங்க." வாணி பாதரசம் என்றாள். அவன் குழந்தையிடம் பேசுவதுபோல், "சரி சரி, நீ டென்ஷன் ஆவாத. ரெஸ்ட் எடு" என்றான். பக்கத்தில் யாரிடமோ "இப்ப புதுசா ஒண்ணு சொல்றா" என்பது கேட்டது.

மருத்துவமனையிலிருந்து விட்ட அன்றைக்கே அவள் சாலாக் செலாத்தானுக்குப் போனாள். விஜயன் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அண்ணனைக் கூட்டி வந்து சண்டை போட்டாள் என்று ஆகிவிடும். கொமுட்டர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சத்தம் உயரக் கூடாது. கையை ஆட்டக் கூடாது. யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. உண்மையைச் சொல்லப் போகிறவள் பொய் சொல்லப் போகிறவள்போல ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. பைத்தியம் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், பிறகு இருமினால்கூட அது பைத்தியத்தின் இருமல்தான்.

ஷாமினி கதவைத் திறந்தாள். அவள் முகம் பளபளவென்று இருந்தது. வாணி உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கவிஷ்னா தொலைக்காட்சிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்து எழுந்து ஓடிவரவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி கையை மட்டும் நீட்டினாள். உள்ளங்கை ரோஜா நிறத்தில், தோல் கிழிந்த காகிதம்போல் தொங்கியது. ஏசி ஓடும் அறையில் பிள்ளையின் நெற்றி வியர்த்திருந்தது.

வாணி சொன்னாள். ஒத்திகை பார்த்த எல்லாவற்றையும், வரிசை மாறாமல், தாழ்ந்த குரலில். சுகுமாறன் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஷாமினிதான் முதலில் பேசினாள்.

"நானும்தான் அதையே போடுறேன். எனக்குக் கை ஆடுதா? நான் யார் மேலயாச்சும் தட்ட வீசுறேனா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்யாதாம் அக்கா. டாக்டர் சொன்னாங்க."

"உனக்கு வந்தா கிரீம் செஞ்ச வேலை, எங்களுக்கு வரலன்னா அதிர்ஷ்டமா? நல்லா இருக்கு லா கதை."

வாணிக்கு உள்ளே அது எழுந்தது. காதுக்குப் பின்னால் சூடாக ஏறியது. எழுந்து அந்தக் கண்ணாடி மேசையைப் புரட்டிப் போட்டால் தீர்ந்துவிடும்போல இருந்தது. விரல்களைத் தொடைக்கடியில் நசுக்கிக்கொண்டாள். "நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன் அக்கா. பிள்ளைக்கு ஒரே ஒரு டெஸ்ட். அது போதும்" என்றாள்.

"அடுத்த மாசம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்காங்க. அப்பப் பாத்துக்கலாம்" என்றான் சுகுமாறன்.

அவள் எழுந்து பிள்ளையைத் தூக்கப் போனாள். நிற்க வைப்பதற்காகக் கால் தரையில் பட்டதுதான் தாமதம், கவிஷ்னா அலறினாள். பிடிவாதத்தில் அழும் அழுகை இல்லை அது. பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சுகுமாறன் கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கார் சாவியை எடுத்தான். "சரி, உன் திருப்திக்கு ஒரு தடவ பாத்துரலாம். ஒண்ணும் இல்லன்னு வந்திருச்சின்னா இதோட விட்டுறணும். என்னா?"

ஒன்றும் இல்லை என்று வரவில்லை. பிள்ளைக்கு ரத்த அழுத்தம் பெரியவர்களுக்கு இருப்பதுபோல் இருந்தது. அன்றே கிள்ளான் மருத்துவமனையிலேயே படுக்கையில் சேர்த்தார்கள். அதே பாதரசம். கவிஷ்னா அந்தக் கிரீமை ஒருநாளும் பூசியதில்லை. அம்மாவின் கன்னத்தில் கை வைத்துத் தூங்கியிருக்கிறாள், அம்மா போன பிறகு அம்மா வாசனைக்காக அந்தத் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள், காலையில் அத்தையின் துண்டில் முகம் துடைத்திருக்கிறாள். அவ்வளவுதான். உடம்பிலிருந்து பாதரசத்தை இழுத்து வெளியேற்றும் மாத்திரையைத் தாய்க்கும் மகளுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கும். மாத்திரைத் தூளை மைலோவில் கலந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாணி முதலில் தன்னுடையதைக் குடித்துக் காட்டுவாள். பிறகு பிள்ளை குடிப்பாள். குடித்துவிட்டு, "அம்மா, நான் என்னா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். வாணி பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டாள். கிரீமை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்.

ஷாமினிக்கும் சோதனை செய்தார்கள். அவள் உடம்பிலும் இருந்தது, வாணி அளவுக்கு இல்லை. உடனே நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும், சில சமயம் அதைவிடக் கறுக்கும் என்றார்கள். அவள் வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாணி பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, "போட்டோ பாத்துட்டு ஒருத்தர் நேர்ல வரேன்னு சொல்லியிருக்காரு வாணி. இப்பத்தான்" என்றாள். எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

மருத்துவமனை புகார் கொடுத்து அதிகாரிகள் பிரிக்பீல்ட்ஸ் கடைக்குப் போனார்களாம். கல்லாவுக்கு அடியில் ஒன்றும் இல்லையாம். வாணி போன் செய்தபோது மாதவி, "எங்க கடையில வாங்குனதுன்னு யாரு பாத்தா? உன் மேல இரக்கப்பட்டு ஒண்ணும் சொல்லாம இருக்கேன்" என்று வைத்துவிட்டாள். கூட வேலை செய்த பெண் ஒருத்தி பிறகு சொன்னாள். இப்போது அந்த டப்பாவின் மூடி இளஞ்சிவப்பாம், வாடிக்கையாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்களாம்.

கவிஷ்னா கால் ஊன்றி நிற்கத் தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம், மருத்துவமனை கேண்டீனில் சுகுமாறன் வாணிக்கு எதிரில் உட்கார்ந்தான். கோப்பையில் தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வந்துரு வாணி. எல்லாம் அந்தக் கிரீம் செஞ்ச வேலைன்னு இப்பத்தான் புரியுது. நீ பேசுனது எதையும் நான் மனசுல வெச்சிக்கல."

அவன் பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"எதை எல்லாம் வெச்சிக்கல?" என்று கேட்டாள்.

"எல்லாந்தான். அதை ஏன் இப்ப கிளறணும்?"

"தட்ட வீசுனது அந்தப் பாதரசமா இருக்கலாம். அந்த கஸ்டமர்கிட்ட கத்துனதும் இருக்கலாம். ஆனா உங்க சித்தப்பா என்னைப் பாத்து, ராத்திரியில லைட்டு இல்லாம தேட முடியாதுன்னு சொன்னப்ப, நீங்களும் சேந்து சிரிச்சீங்க. அதைச் சொல்லி அழுதேன் பாருங்க, அது நான். முகம் வெளுத்த பிறகுதான் என் போட்டோவ வெச்சீங்கன்னு சொன்னேன், அதுவும் நான்தான். பாதி பாதரசம். மீதி நான். ரெண்டையும் சேத்துக் கழுவிறாதீங்க."

அவள் குரல் உயரவில்லை. கை மட்டும் மேசைமேல் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. சுகுமாறன் அந்தக் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததுபோல் இருந்தது.

"இன்னும் உனக்கு முழுசா குணமாவல" என்றான். "பரவால்ல. மெதுவாப் பேசிக்கலாம்."

பிள்ளை வீடு திரும்பும் முன் அவள் தூங்கிய அறையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாள். தலையணை, துண்டு, விரிப்பு, மெத்தை எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி, விஷப் பொருள் என்று சொல்லி, அதற்கென்று இருக்கும் ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும். வாணி மறுநாள் சாலாக் செலாத்தானுக்குப் போய்ச் சேர்வதற்குள் சுகுமாறன் வேலையை முடித்திருந்தான். சிறியவற்றைக் கறுப்புப் பைகளில் கட்டிக் கூடத்தில் வைத்திருந்தான். மெத்தையைக் காணோம்.

"கீழ குப்பை வீட்டுகிட்ட சாத்தி வெச்சிட்டேன். அந்த ஆளுங்களுக்குப் போன் பண்ணா எடுக்க மாட்றாங்க. பெரிய சாமான், யாரு எடுப்பா?"

வாணி சன்னலுக்குப் போனாள். ஐந்தாவது மாடி. கீழே வெயிலில், எல்லா மாடிக் குப்பையும் வந்து சேரும் குப்பை வீட்டுக்கு எதிரில், பழைய பேப்பர் லோரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் ஒலிபெருக்கி, பதிவு செய்த குரலில் ராகமாக, 'சூராட் காபார் லாமா, பாட்டேரி லாமா' என்று பழைய பேப்பரும் பேட்டரியும் கேட்டுக் கூவியது. நரைத்த தாடியுள்ள மனிதர் ஒருவர் மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை இழுத்துக் கிழித்து உள்ளே பார்த்தார். கையால் அழுத்திப் பார்த்தார். இன்னும் நல்லாத்தான் இருக்கிறது என்பதுபோல் லோரியில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள்.

"ஜாங்கான் அம்பேல்!" எடுக்காதீங்க என்று வாணி கத்தினாள். "ராச்சுன்! அது விஷம்! பாங்! அண்ணே! ராச்சுன்!"

எதிர் பிளாக்கில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுகுமாறன் பின்னால் வந்து அவள் தோளைப் பிடித்தான். "கத்தாத வாணி. எல்லாரும் பாக்குறாங்க." அவள் அவன் கையை உதறிவிட்டு வெளியே ஓடினாள். லிப்ட் எங்கோ மேலே நின்றிருந்தது. படிகளில் இறங்கினாள். வீக்கம் முழுசாக வடியாத கால்கள், ஒவ்வொரு படியிலும் கனத்தன. கீழே வந்து கார்களுக்கு நடுவில் ஓடி ரோட்டைத் தொட்டபோது லோரி முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

அட்டைப்பெட்டிகளுக்கும் துருப்பிடித்த மின்விசிறிகளுக்கும் மேலே மெத்தை விரிந்து கிடந்தது. அந்தத் தாடிக்காரர் காலை நீட்டி அதன்மேல் சாய்ந்திருந்தார். காலையிலிருந்து மூட்டை தூக்கிய உடம்பு போலிருக்கிறது, பக்கவாட்டில் புரண்டு கன்னத்தை அதில் பதித்துக்கொண்டார். நடுரோட்டில் கையை வீசி வீசிக் கத்தும் பெண்ணைப் பார்த்ததும் தலையை லேசாகத் தூக்கி, சிரித்துக்கொண்டே, அவளுக்குக் கை காட்டினார்.